கண் போயின் வாழ்வு போமோ?



போரில் கண்ணிழந்த வீரனைக் கண்டு, "முற்பிறவிப் பாவம்" என்பார் உளர். அச்சொல்லாலேயே நம் முன்னோரையும் தாழ்த்தினர். பகவானோ, துன்பம் யாவும் பழவினையால் வருவதன்று. பித்தம், கபம், வாயு, பருவ மாறுதல், பிறர் தாக்குதல் முதலியவற்றாலும் வரும் எனச் சிவகன் என்னும் பரிவிராஜகனுக்கு விளக்கினார். சம்யுத்த நிகாயத்தில் இதனைக் காணலாம். குண்டு பறித்த கண்ணுக்குக் குண்டே காரணம்.

1915-இல் கலிப்பொலிப் போரில், நியூசிலாந்து வீரர் கிளுதா மெக்கென்சி தமது 20-ஆம் வயதில் பார்வையிழந்தார். லண்டன் செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் பயிற்சி பெற்று எழுந்தார். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943-இல் டேராடூனில் ஓர் இல்லம் தோன்றியபோது, அதனை நடத்தியவர் அவரே. புள்ளி எழுத்தை விரலால் தடவிப் படிக்கவும், கைத்தொழில் செய்யவும் அங்கே கற்றனர். 1950-இல் மத்திய அரசு அதனை ஏற்று, பார்வையற்ற வயதுவந்தோர்க்கான பயிற்சி நிலையமாக்கிற்று.

சக்குபாலத் தேரரும் புறக்கண் அவிந்த வேளையிலேயே அருகத்து நிலை எய்தினார். கண் போயினும் முயற்சி போகவில்லை.

ஆதலின் அன்பர்களே, கண்ணிலாரிடம் "என்ன பாவம் செய்தாய்?" என்று வினவாதீர், "என்ன தொழில் கற்க விரும்புகின்றீர்?" என்று வினவி, கைகொடுங்கள். அதுவே கருணை.

சாது! சாது! சாது!