கண்டதைச் சொல்வது குற்றமா?

ஓர் அரசு ஒரு செயலைத் திரையிட்டு மறைக்க விரும்புகிறது. அந்தச் செயலோ திறந்த வானத்தில் நடைபெறுகிறது. அண்ணாந்து பார்த்தவன் கண்டுகொள்கிறான்; கண்டதைக் கணக்கிட்டு ஊருக்கும் உரைக்கிறான். அவன் அறிவாளனா, அடாது செய்தவனா? எங்கோ அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் உரிய வழக்கு இது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டுக்கும் வந்துவிட்டது.

2019 மார்ச் 27-ஆம் நாள், ஒடிசாக் கரையோரத்து அப்துல் கலாம் தீவிலிருந்து எழுந்த ஏவுகணை, 300 கிலோமீட்டருக்குச் சற்றுத் தாழப் பறந்துகொண்டிருந்த ‘மைக்ரோசாட்-ஆர்’ என்னும் நம்முடைய துணைக்கோளையே அடித்து நொறுக்கிற்று. 740 கிலோ எடையுள்ள அந்தக் கோள் அவ்வாண்டு சனவரி 24-இல்தான் ஏவப்பட்டது. எல்லாம் முடிந்த பின்னரே தலைமையமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தார். துண்டுகள் சில வாரங்களில் விழுந்துவிடும் என்றது அரசு. 45 நாள் என்று கணக்கும் சொன்னார் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத் தலைவர் சதீஷ் ரெட்டி.

நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரில் மார்கோ லாங்புரூக் என்று ஒருவர் இருக்கிறார். தொல்லியல் கற்றவர், இரவில் துணைக்கோள்களைத் தொடர்வதில் தணியாத வேட்கை கொண்டவர். நம் நிறுவனம் பெருமையோடு வெளியிட்ட படக்காட்சியையும், துண்டுகளின் சுற்றுப்பாதைகளையும் வைத்துக்கொண்டு அவர் கணக்கிட்டார். கணை கீழிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து மோதியிருக்கிறது. அதனால் துண்டுகள் பல, கோள் பறந்த உயரத்தைவிடப் பன்மடங்கு மேலே வீசப்பட்டன. அவை வாரக்கணக்கில் விழமாட்டா என்று எழுதினார். கண்காணிப்பில் இருந்த கடைசித் துண்டு விழுந்தது 2022-இல். நாற்பத்தைந்து நாள் எங்கே, மூன்றாண்டு எங்கே!

மந்திரமன்று இந்த வித்தை. அந்தி சாய்ந்த வேளையில் தரையில் இருள் சூழ்ந்திருக்கும். பல நூறு கிலோமீட்டர் உயரத்திலோ கதிரவன் ஒளி இன்னும் படும். ஆதலால் கோள் நகரும் மீன்போலத் தெரிகிறது. ஒரு பைனாகுலர், விளையாட்டு ஆசிரியர் வைத்திருப்பது போன்ற ஸ்டாப் வாட்ச், விண்மீன் வரைபடம். தெரிந்த இரண்டு மீன்களுக்கு இடையே கோள் எந்த நொடியில் கடந்தது என்று குறித்தால் போதும். வெவ்வேறு ஊர்களில் நாலு பேர் குறித்தால் பாதை கிடைத்துவிடும். 2008-இல் அமெரிக்கா பழுதுற்ற தன் உளவுக்கோள் ஒன்றைச் சுடப்போவதாக அறிவித்தது. அதன் பாதையை மட்டும் வெளியிடவில்லை. கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஆர்வலர்கள் முன்பே அதைக் கண்டு வைத்திருந்தார்கள். ஹவாய்க்கு அருகே விமானங்கள் விலகி நிற்குமாறு வந்த எச்சரிக்கையைப் பாதையோடு பொருத்தி, சுடும் வேளையையும் முன்கூட்டியே உணர்ந்தார்கள்.

நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு இதைவிட இனிக்கும் செய்தி ஒன்றுண்டு. இங்கிலாந்தில் கெட்டரிங் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி, மாணவரோடு அமர்ந்து சோவியத்துக் கோள்களின் வானொலிக் குரலைக் கேட்டுக் குறித்தார். உலகுக்குச் சொல்லப்படாத ஏவுதளம் ஒன்று வடக்கே இருப்பதை 1966-இல் கண்டுபிடித்தார். பிளெசெட்ஸ்க் என்னும் அந்தத் தளத்தை மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1983-இல்!

“அரசு மறைத்ததை வெளியிடுபவன் எதிரிக்குக் கை கொடுப்பவன்” என்று சீறுவோர் உண்டு. எண்ணிப் பார்க்கட்டும். எதிரியிடம் ராடார் உண்டு. கோடி கோடியாகக் கொட்டி அமைத்த நிலையங்கள் உண்டு. பைனாகுலர் கண்டதை அவை காணாவோ? அப்படியானால் திரை யாருடைய கண்ணுக்கு? குரங்கணிச் சரிவில் ஏலக்காய் பறித்து, வாங்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுக்கிறாளே, அவள் கண்ணுக்குத்தான்!

ஏவுகணைக்குள் இருக்கும் பொறியின் நுட்பத்தை மறைக்க அரசுக்கு உரிமையுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. பூட்டிய அறையைத் திறந்து திருடுவது வேறு. பொதுவழியில் போகும் தேரைப் பார்ப்பது வேறு. இதே தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டபோது, உள்ளே என்ன நடக்கும் என்று மக்கள் கேட்டார்கள். விளக்கம் சொன்னவரை நம்பலாம், நம்பாதிருக்கலாம். மலைக்குள் புகுந்து சரிபார்க்க வழியில்லை. வானம் அப்படியன்று. போடி நகரின் விளக்கொளியை விட்டு மலையேறினால், எவருடைய ஒப்புதலும் இன்றிச் சரிபார்க்கலாம்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, சுடப்போவது உங்களுக்கு முதல்நாளே தெரிந்திருந்தால் வெளியே சொல்லியிருப்பீர்களா?” என்று கேட்டாள். கூர்மையான கேள்வி. நடந்ததைச் சொல்வது எளிது; நடக்கப்போவதைச் சொல்பவன் சிறையையும் எண்ண வேண்டும். ஆயினும் அன்று பன்னாட்டு விண்நிலையத்தில் ஆறு மனிதர்கள் இருந்தார்கள். அறுபது துண்டுகளைக் கண்காணிப்பதாகவும், அவற்றுள் 24 அந்நிலையத்தின் உயரத்துக்கும் மேலே சென்றதாகவும் நாசாவின் தலைவர் பின்னர்க் கூறினார். அந்த ஆறு பேருள் ஒருவரும் நம் பகைவரல்லர். சொல்லியிருப்போம் என்றுதான் அவளுக்கு விடை கூறினோம். அஞ்சிக்கொண்டே சொல்லியிருப்போம் என்பதையும் சேர்த்துக் கூறினோம்.