மண்டையோட்டின் அளவும் மாந்தரின் பெருமையும்

உயிர் நீங்கிய உடம்பு யாருக்கு உரியது? அவ்வுடம்பின் எலும்பைக் கொண்டு அறிவு தேடுவோர்க்கு அதன்மேல் உரிமை எத்துணை? ஊவா மாகாணத்துச் சைவாசிரியர்கள் இவ்வினாவை ஆராய்தல் வேண்டும். அதற்குக் காரணம் நம் பதுளை மாவட்டத்திலேயே உண்டு.

ஸ்கொத்லாந்து தேசத்து எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுச் சாலையிலே, இலங்கை வேடருடைய மண்டையோடுகள் ஒன்பது நூறாண்டுக்கு மேலாக இருந்தன. அவை 200 ஆண்டுக்கு மேற்பட்டனவென மதிக்கப்பட்டவை. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மகியங்கனையை அடுத்த தம்பானையைச் சேர்ந்த வேடர் தலைவர் உருவரிகே வன்னில அத்தோ அங்கே சென்று அவற்றைப் பெற்றுக்கொண்டார்.

ஏட்டையும் பொன்னையும் விடுத்து மண்டையோட்டைத் திரட்டியது எதன்பொருட்டு எனின், கூறுதும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மேனாட்டுப் பண்டிதர் பலர், மண்டையோட்டை அளந்தால் ஒரு சாதியாரின் அறிவை அளந்துவிடலாமென நம்பினர். பிலடெல்பியா நகரத்துச் சாமுவேல் மோர்ட்டன் என்பார், கபாலத்துள்ளே சிறு வித்துக்களை நிரப்பி அளந்து, 1839இல் ஒரு நூல் வெளியிட்டார்; பின்னர் ஈயக் குண்டுகளை நிரப்பியும் அளந்தார். அவர் சேர்த்தவற்றுட் பல, புதைகுழிகளைக் கிளறி எடுத்தவை. சுவிற்சர்லாந்துச் சராசின் குடும்பத்தினராகிய பவுல், பிரிட்ஸ் என்னும் இருவர், 1880ஆம் ஆண்டுகளில் இலங்கைக்கு வந்து, வேடர் எலும்புகளைத் திரட்டி அளந்து 1892–93இல் பெருநூல் எழுதினர்.

அவ்வளவு நின்றதோ? நிற்கவில்லை. மண்டையோட்டில் எலும்பு 22; மூளையைக் காப்பன 8, முகத்தில் உள்ளன 14. முள்ளந்தண்டிலோ குழந்தைப் பருவத்தில் 33 துண்டுகள். கழுத்தில் 7, முதுகில் 12, இடுப்பில் 5, அவற்றின் கீழ் 9. கீழ் ஒன்பதும் வளர்ச்சியில் இரண்டாய் இணைதலின் முதிர்ந்தோர்க்கு 26 ஆம். முண்ணாண் இறங்கும் பெருந்துளை நாற்கால் விலங்கிற்கு மண்டையின் பின்புறத்தது, மனிதற்கு அடிப்புறத்தது. அதனாலன்றோ தலை நிமிர்ந்து நிற்கின்றது! துரைக்கும் வேடனுக்கும் கொழுந்து கொய்பவளுக்கும் இவ்வமைப்பு ஒன்றே. ருசிய நாட்டு எழுத்தாளர் துர்கனேவின் மூளை 2,000 கிராமுக்கு மேல் நிறுத்தது. 1921இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளையோ ஏறக்குறைய 1,000 கிராமே. நிறையால் இவர்தம் புலமை அளக்கப்படுமோ?

இச்சிறுமை வேடரோடு ஒழிந்ததென்று எண்ணற்க. தோட்டங்களிலே வேலைக்கிறங்கிய ஆளொன்றுக்கு இவ்வளவென்று கங்காணிமார் பெற்ற பணத்துக்குத் தலைக்காசு என்றே பெயர். அங்கே தலையை அளந்தனர். இங்கே தலையை எண்ணினர். அத்தலைக்குரிய மனிதனை இரண்டிடத்தும் கண்டார் இலர்.

யாக்கை நிலையாதென்று நம் சமயமே கூறுதலின், உயிர் போனபின் எலும்பு எங்கிருந்தால் என்ன எனின், அற்றன்று. நிலையாமை, என் உடம்பின்மேல் யான் கொண்ட பற்றை அறுத்தற்பொருட்டுச் சொல்லப்பட்டது. பிறனுடம்பின்மேல் எனக்கு உரிமை தருதற்கன்று. என் பொருள் நிலையாதென்று யான் விடுதல் துறவு. பிறன் பொருள் நிலையாதென்று யான் எடுத்தல் களவு. மயிலாப்பூரிற் சிவநேசர், அரவு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் காத்தமையைப் பெரியபுராணத்தால் அறிகின்றோம். நிலையாமை அறியாதவரா அவர்? எலும்புக்கும் உறவினர் உண்டென்பதே அதனாற் போந்த பொருள்.

இனி, எலும்பைத் தொடாது வைத்தியங் கற்றல் கூடுமோ எனின், கூடாது. மானிப்பாயிலே தமிழில் வைத்தியங் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் நூலை வெளியிட்டார். அத்தகைய நூற்பொருளெல்லாம் பிணத்தை அறுத்து ஆராய்ந்தோரால் வந்ததே. ஆயின் இக்காலத்து இலங்கையிலே, தாம் இறந்தபின் தம்முடம்பை மருத்துவ பீடத்திற்குக் கொடுக்கும்படி உயிரோடிருக்கும்போதே எழுதிவைப்பவர் உளர். எலும்பு ஒன்றேயாயினும், மனமுவந்து கொடுத்தது தானம். கேளாது கவர்ந்தது பாவம். அறிவு நல்லதென்பதனால் அதனை அடைந்த வழியும் நல்லதாகிவிடாது.

ஆசிரியன்மாரே! வகுப்பில் எலும்புக்கூட்டின் படத்தைத் தொங்கவிடும்போது எலும்புகளின் தொகையைச் சொல்லுங்கள். அத்தொகை எல்லார்க்கும் ஒன்றென்பதையும் சொல்லுங்கள். அதன்பின், தம்பானைக்குரிய அத்தலைவர் தம் முன்னோரை அழைத்துவரக் கடல்கடந்து சென்ற செய்தியையும் சொல்லுங்கள். லயத்திலிருந்து வந்து முன்வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை, தன் தலை எண்ணத்தக்கதுமன்று, அளக்கத்தக்கதுமன்று என்று தானே உணர்ந்துகொள்ளும்.