பிள்ளைகள் கையில் நன்கொடைச் சீட்டு



தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகத்துக்கு உரியது. அன்று தானத்தின் பெருமையைக் கேட்டு மகிழ்வது நம்மவர் வழக்கம். அப்பெருமை எல்லோரும் அறிந்ததே ஆதலின், தானத்தின் பெயரால் நம் இல்லங்களில் நுழைந்துவிட்ட ஒரு தொல்லையைப் பற்றி இங்கே சிந்திக்க விழைகின்றோம். ஆத்தூரில் நம்மைக் காண வரும் தாய்மார் தாழ்ந்த குரலில் இதைச் சொல்லத் தொடங்கி, "தருமகாரியத்தைக் குறை சொல்லலாமா அம்மா" என்று தாமே நிறுத்திக்கொள்கின்றனர். நிறுத்த வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

நிகழ்வது இதுதான். பிள்ளை சேர்ந்திருக்கும் இளைஞர் குழு ஒரு நற்பணிக்குப் பொருள் திரட்ட முனைகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருபது நன்கொடைச் சீட்டு, அல்லது பத்துப் பெட்டி மெழுகுவர்த்தி, அல்லது ஒரு கட்டு நாட்காட்டி. குறித்த ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்றுப் பணம் கட்ட வேண்டும். மிகுதியாக விற்றவர்க்கு மேடையில் பரிசு உண்டு. பிள்ளை முதல் நாள் ஆர்வத்தோடு பக்கத்து இரண்டு வீடுகளுக்குச் செல்கிறான். மூன்றாம் வீட்டில் கதவு சாத்தப்படுகிறது. மறுநாள் தேர்வு, அதற்கடுத்த நாள் காய்ச்சல். மீந்தவை பெற்றோர் தலையில் விழுகின்றன. தந்தை அவற்றை அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று தமக்குக் கீழே பணிபுரிபவரின் மேசைமீது வைக்கிறார். அவர் எப்படி மறுப்பார்? தாய் மளிகைக்கடைக்காரரிடம் நீட்டுகிறாள். மாதக் கணக்கில் பொருள் வாங்கும் வீட்டை அவர் எப்படிப் பகைத்துக்கொள்வார்? அதன்பின்னும் மீந்தவற்றுக்கு அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுத்து வைத்துவிட்டு, பொருளைப் பரணில் ஏற்றி, "எல்லாம் விற்றாயிற்று கண்ணு" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறாள். மேடையில் அவன் பெயர் படிக்கப்படும்போது அவளும் கைதட்டுகிறாள்.

இதில் தானம் செய்தவர் யார்?

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாய இறுதியில் தானத்துக்கு இலக்கணம் வகுக்கின்றார். பிறர்க்கும் தமக்கும் நன்மை விளையும்பொருட்டு ஒருவர் தமக்கு உரியதை விடுதலே தானம் என்பது அதன் கருத்து. "தமக்கு உரியதை" என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். அதனை அடுத்து, கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் பயன் வேறுபடும் என்கின்றார். பெறுபவரைப் பற்றி நமக்கு ஐயமில்லை. ஆலயத் திருப்பணியோ, ஏழை மாணவர் கல்வியோ, மருத்துவ உதவியோ, எல்லாம் தகுந்த பாத்திரமே. ஐயம் கொடுப்பவரைப் பற்றியது. பிள்ளை தனக்கு உரியது எதையும் விடவில்லை. தாய் விட்டாள்; ஆனால் மனமுவந்து விடவில்லை. மளிகைக்கடைக்காரர் வாடிக்கையை விலைகொடுத்து வாங்கினார். அலுவலக உதவியாளர் மேலதிகாரியின் முகத்துக்காகக் கொடுத்தார். பணம் முழுமையாக வந்து சேர்ந்தது. தாதா என்று சொல்லத்தக்க ஒருவரைத்தான் காணவில்லை.

ஒரு வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாகப் பகுத்துப் பார்ப்பது ஜினதருமம். எனவே, "பிள்ளைகளிடம் கொடுத்தோம், பெற்றோர் ஏன் வாங்கினர் என்பது எமக்குத் தெரியாது" என்று குழுத்தலைவர் விலகிக்கொள்ள இயலாது. தெரிந்தே வகுத்த திட்டம் அது. பிள்ளைக்குப் பத்துப் பெட்டி விற்கும் ஆற்றல் இல்லை என்பதும், பெற்றோர் விட்டுவிட மாட்டார்கள் என்பதும் திட்டத்தின் உள்ளேயே இருக்கின்றன.

விற்பனையே தகாது என்று நாம் கூறவில்லை. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலையும் உலகுக்குக் கற்பித்தவர் ஆதிபகவன் என்பது நம் புராண மரபு. அவற்றுள் வாணிகமும் ஒன்று. ஒரு சிறுவன் அயலாரிடம் நிமிர்ந்து பேசவும், சில்லறை எண்ணவும், இல்லை என்ற சொல்லைக் கேட்டு வாடாதிருக்கவும் கற்பது பெரும் கல்வி. ஆசிரியப் பயிற்சியில் நாம் படித்த எந்தப் பாடத்திட்டமும் அதைக் கரும்பலகையில் கற்பித்துவிட முடியாது. ஆனால் வாணிகம் வாணிகமாக இருக்க வேண்டும். நாற்பது ரூபாய்ப் பொருளை நூறு ரூபாய்க்கு விற்றால், மிகுதி அறுபதும் எங்கே போகிறது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவிலும் தரத்திலும் மறைத்தல் களவாமை என்னும் அணுவிரதத்துக்கு ஏற்படும் அதிசாரங்களுள் எண்ணப்படுவது. "நல்ல காரியத்துக்குத்தானே" என்பது அதற்கு விலக்காகாது.

இத்தகைய விற்பனை எங்கே தொடங்கிற்று என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி என்னும் ஊரில், 1917இல் சாரணச் சிறுமியர் குழு ஒன்று தம் வீட்டு அடுப்பில் பிஸ்கட் சுட்டுப் பள்ளி உணவுக்கூடத்தில் விற்றுத் தம் தொண்டுக்குப் பணம் சேர்த்தது. 1922இல் அவ்வியக்கத்தின் இதழில் செய்முறையே அச்சாயிற்று. ஆறேழு டஜன் பிஸ்கட்டுக்குச் செலவு 26 முதல் 36 சென்ட், டஜன் ஒன்றை 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம் என்று கணக்கும் கொடுக்கப்பட்டது. மாவு பிசைந்த கையும் விற்ற கையும் ஒன்றே. 1930களின் நடுப்பகுதியில் பெரிய பேக்கரி நிறுவனங்கள் சுட்டுத்தரத் தொடங்கின. சிறுமியர்க்கு விற்பது மட்டும் மிஞ்சியது. காலப்போக்கில் அதிலும் பெரும்பகுதி பெற்றோர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே குடியேறிய நம்மவர் பிள்ளைகளும் இதில் ஈடுபடுகின்றனர் என்று கேள்வியுறுகின்றோம். பெருந்தொற்றுக்காலமான 2021இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பெட்டிகள் விற்காமல் தேங்கின. அதற்குச் சற்று முன், 2020 டிசம்பரில், அந்த பிஸ்கட்டில் சேரும் பாமாயிலின் பின்னே இந்தோனேசியா, மலேசியா தோட்டங்களில் குழந்தைகளின் உழைப்பு இருக்கிறது என்ற செய்தியும் வெளியாயிற்று. குழந்தைகள் நலனுக்காகக் குழந்தைகள் விற்ற பொருள்! கொடுக்கும் பொருளின் தூய்மையை நம் ஆசாரியர்கள் ஏன் தனியே எண்ணினார்கள் என்பது இங்கே விளங்கும்.

நம் ஊர்ப்பக்கமும் இதற்கோர் உதாரணம் உண்டு. மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலைகளும் நிறைந்த பகுதி இது. எனவே பொருள் திரட்ட வேண்டுமென்றால் எவர்க்கும் முதலில் தோன்றுவது ஜவ்வரிசி வடகமே. கிழங்கு விலக்கும் நியமம் பூண்ட குடும்பத்துப் பிள்ளையிடம் அதே கிழங்கிலிருந்து வந்த வடகத்தைக் கொடுத்து விற்றுவரச் சொன்னால் அவன் என்ன செய்வான்? தான் உண்ணாததைப் பிறர்க்கு விற்கலாமா என்று ஒரு பெண்குழந்தை நம்மிடம் கேட்டாள். நல்ல கேள்வி. குழுவில் எவரும் கேட்கவில்லை.

இனி, நம் பள்ளிகளில் நெடுங்காலமாக நடந்துவருவது கொடிநாள். 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் நலனுக்காகக் கொடி விற்கப்படுகிறது. காசநோய் ஒழிப்புக்கு வில்லைகளும் விற்றோம். டென்மார்க்கில் 1904இல் ஐனார் ஹோல்போல் என்னும் அஞ்சல் ஊழியர் தொடங்கிய வழக்கம் அது. நல்ல நோக்கம், சிறு தொகை. ஆயினும் வகுப்புக்கு இத்தனை என்று எண்ணிக்கை வந்தபோது அதன் முகம் மாறியதை நாம் கண்டிருக்கின்றோம். நாம் பணிபுரிந்த ஒரு பள்ளியில் சேகோ ஆலையில் கூலிவேலை செய்யும் தாயின் மகள் ஒருத்தி இருந்தாள். கொடிக்குக் காசு கொண்டுவராதவர் எழுந்து நிற்கலாம் என்று தலைமையாசிரியர் கூறியபோது அவள் மட்டும் நின்றாள். மறுநாள் அவள் காசுடன் வந்தாள். உணவுப் பாத்திரம் கொண்டுவரவில்லை. படைவீரர் குடும்பங்களுக்கு அந்தக் காசு போய்ச் சேர்ந்திருக்கும்; அவர்களும் அதை விரும்பியிருக்க மாட்டார்கள்.

துறவியர் தாங்கும் இருபத்திரண்டு பரீஷகங்களை நாம் அடிக்கடி ஓதுகின்றோம். அவற்றுள் யாசனையும் அலாபமும் அடுத்தடுத்து வருகின்றன. இரந்து கேளாதிருத்தல் ஒன்று. கிடைக்காதபோது கலங்காதிருத்தல் மற்றொன்று. ஆகாரத்துக்கு எழுந்தருளும் திகம்பர முனிவர் வாய்திறந்து கேட்பதில்லை. வீதியில் மௌனமாகச் செல்கின்றார். சிராவகர் முறைப்படி எதிர்கொண்டு அழைத்தால் நிற்கின்றார். அழைப்பார் இல்லையேல் வந்தவழியே திரும்பி அன்று உபவாசம் இருக்கின்றார். கொடாத வீட்டின்மீது அவர்க்குச் சினமில்லை. உடலை நிறுத்தும் உணவுக்கே இத்தனை நாணம் காட்டும் நெறியின் பிள்ளைகளை, நெருக்கிக் கேட்கும் கலையில் பழக்குகின்றோம். வீடுவீடாகச் சென்று பிறர்நலனுக்காகக் கேட்பதில் இழிவில்லை. குறள் நூலிலும் இரவு என்று ஓர் அதிகாரமும் அதனை அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் அமைந்துள்ளன. கேட்பது எல்லாம் ஒரு தன்மையது அன்று. ஆனால் பிள்ளைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, கதவு சாத்தப்பட்டால் முகம் கோணாமல் இறங்கி வருவது. எத்தனை விற்றாய் என்று கணக்குக் கேட்கும் குழு அதைக் கற்பிக்க இயலாது.

பரிசைப் பற்றியும் ஒரு சொல். சத்கார புரஸ்காரம், அதாவது மதிப்பும் பரிசும், இருபத்திரண்டனுள் ஒன்றாகவே எண்ணப்பட்டுள்ளது. பசி, குளிர், கொசுக்கடி ஆகியவற்றோடு மாலை மரியாதையையும் ஒரு சோதனையாக வைத்த ஆசாரியர்களின் நுட்பம் பெரிது. மிகுதியாக விற்ற பிள்ளை யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவன் தந்தைக்குக் கடையோ பதவியோ இருக்கும். பரிசு தந்தையின் செல்வாக்குக்கு. மானக் கஷாயம் பிள்ளைக்கு. பரணில் ஒளித்து "விற்றாயிற்று" என்று சொல்லும் தாயும் அன்பினால்தான் சொல்கிறாள். எனினும் அங்கே நுழைவது மாயைக் கஷாயம். பரணில் இருப்பதை இறக்கிப் பிள்ளைக்குக் காட்டிவிடுவதே நன்று. ஐந்து விற்றது, ஐந்து விற்கவில்லை என்று தெரிந்த பிள்ளை ஐந்து விற்றதற்காக மகிழ்வான்.

பின் பொருளுக்கு என்ன வழி என்று இளைஞர் கேட்பர். காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் உருவானபோது, மாணவரின் கைத்தொழில் வருவாயால் பள்ளி தன் செலவைத் தாங்கலாம் என்ற எண்ணம் அதில் இருந்தது. டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு திட்டத்தை ஏற்றும், வருவாய் நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடலாகாது என எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைத்தான் நாமும் வைக்கின்றோம். பாரத சாரணர் இயக்கத்தில் "கரி கமாயி", அதாவது நேர்மையான சம்பாத்தியம், என்றொரு வழக்கம் உண்டு. சாரணர் தோட்டம் கொத்தியும், மிதிவண்டி துடைத்தும், கடைச்சரக்கு அடுக்கியும் கூலி பெற்று இயக்கத்துக்குச் செலுத்துவர். இங்கிலாந்தில் 1949இல் தொடங்கிய "ஒரு வேலைக்கு ஒரு ஷில்லிங்" வாரமும் அத்தகையதே. நம் பிள்ளைகள் ஆலயப் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கலாம். முதியோர்க்குக் கண்ணாடி இல்லாத குறை தீரச் சாத்திரம் படித்துக் காட்டலாம். விழாவில் செருப்புக் காக்கலாம். வாரத்தில் ஒரு நாள் தின்பண்டத்தை விட்டு அக்காசை உண்டியலில் இடலாம். தொகை குறையும். ஐயாயிரம் வரும் இடத்தில் எண்ணூறு வரும். மீதி நாலாயிரத்து இருநூறைப் பெரியவர்கள், பிள்ளைகளை நடுவில் நிறுத்தாமல், நேரே தரட்டும். பொருள் உள்ளோர் நம்மிடையே இல்லாமல் இல்லை.

விற்பனைதான் வேண்டும் என்னும் குழுவினர்க்கு மூன்று வேண்டுகோள். பெற்றோரின் இசைவை முன்னரே கேளுங்கள். பிள்ளைகளைத் தனியே அயல் தெருக்களுக்கு அனுப்பாதீர்கள்; பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும். விற்காத பொருளைக் காரணம் கேளாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு நோட்டில் கொடுத்தது, வரவு என்று இரண்டு பத்திகள் இருக்கும். மூன்றாவதாக, திரும்பியது என்று ஒரு பத்திக்கும் இப்போதே கோடு போட்டு வையுங்கள்.