கண்ணை மூட நேரம் யாருக்கு?

‘தினமும் பத்து நிமிடம் தியானத்துக்கு ஒதுக்குங்கள்’ என்று புத்தி சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒதுக்குவது என்றால் என்னவென்று நம்ம சனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேள்வி வேறு. ஒதுக்குவதற்கான நேரம் யார் கையில் இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் கான்ட்ராக்ட் கூலி நான். பொன்னேரிப் பக்கத்துக் காலனியிலிருந்து மின்சார ரயிலில் போய்வருகிறேன். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி. அடுத்த ஆள் வரலைன்னா அந்த ஷிப்டும் நம்ம தலையிலதான். போன வருஷம் கம்பெனியில் மனஅமைதி வகுப்பு வைத்தார்கள். எப்போது? அவுட் பஞ்ச் அடித்த பிறகு, நம்ம சொந்த நேரத்தில். ‘கோபத்தை விடுங்க, மனசு லேசாகும்’ என்றார் வந்தவர். பக்கத்திலிருந்த அண்ணன் என் காதில் சொன்னார்: ‘ஓ.டி. காசக் குடுத்தா அது தானா லேசாயிடும் தம்பி.’

சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு எழுந்துபோகிற விஷயமில்லை. உழைக்கிறவனை அடக்கி வைக்கிற மயக்க மருந்துதானா தியானம்? அப்படியானால் அதைத் தூக்கி எறிந்துவிடலாமா?

எறிவதற்கு முன்னால் சம்பூகனை நினைக்க வேண்டும். உத்தர காண்டத்தில், சூத்திரன் தவம் செய்தான் என்பதற்காகவே ராமன் அவன் தலையை வெட்டுகிறான். அவன் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. தவத்தில் இருந்தான், அவ்வளவுதான் குற்றம். தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது என்பதற்கு இந்தக் கொலையைத்தான் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் எடுத்துக் காட்டினார். உழைக்கப் பிறந்தவன் தனக்குள்ளே திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வருணத்தின் கட்டளை. ஒருத்தன் ஆற்றங்கரையில் கண்மூடி உட்கார, அவன் வயலில் நம்ம பாட்டன் குனிந்து கிடந்தான். அந்த ஓய்வு நம்ம முதுகிலிருந்து எடுத்தது. மனதைப் பார்க்கிற உரிமை நம்மிடமிருந்து பறித்த உரிமை. 1898-இல் சென்னையில் சாக்கிய பவுத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், பவுத்தம் நம்ம பூர்வீகச் சமயம் என்றார். பறிகொடுத்ததை ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லலாமா?

எப்படித் திரும்ப வாங்குவது? தம்மபத உரையில் ஒரு கதை உண்டு. ஆளவி என்ற ஊரில், தொலைந்துபோன மாட்டைத் தேடிக் களைத்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு புத்தரிடம் வருகிறான். புத்தர் முதலில் அவனுக்குச் சோறு போடச் சொன்னார். அவன் தின்று தீர்த்த பிறகுதான் தம்மம் பேசினார். பசித்தவனுக்கு உபதேசம் ஏறாது. தூக்கமில்லாதவனுக்கும் அப்படித்தான்.

அம்பேத்கரும் இந்த வரிசையில்தான் வந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. வாரத்துக்கு 54 மணி என்றிருந்த ஆலை வேலை 1946 சட்டத் திருத்தத்தால் 48 மணியானது. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அவர் பவுத்தம் தழுவினார். முதலில் நேரத்தை மீட்டார், பிறகு தம்மத்தைத் தந்தார். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே 1-இல் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். அந்த எதிர்ப்பும் தியானத்துக்கான போராட்டம்தான் என்பேன்.

சரி, நேரம் கைக்கு வருகிறவரைக்கும் சும்மா இருப்பதா? நடக்கையில், நிற்கையில், உட்காருகையில், படுக்கையில் விழிப்போடு இருப்பதுதான் சதிபட்டான சூத்திரம் காட்டும் வழி. அதுக்குத் தனி அறையும் வேணாம், ஊதுபத்தியும் வேணாம். கவரைப்பேட்டை தாண்டுகையில் ரயிலில் நின்றபடியே மூச்சைப் பார்க்கிறேன். மேஸ்திரி ‘டேய்’ என்று கூப்பிட்டது ஞாபகம் வருகிறது. கோபம் வருகிறது. விரட்டுவதில்லை. யார்மேல், எதனால் என்று பார்க்கிறேன். ‘ஒடிசாக்காரன் வந்து நம்ம வேலையப் புடுங்கிட்டான்’ என்று ஊரில் பேசுகிறார்கள். அந்த ஒடிசாக்காரன் எதிரே நின்றபடியே தூங்குகிறான். அவனுக்கும் டபுள் ஷிப்ட். என் கோபம் அவன்மேல் போக வேண்டியதில்லை என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெளிகிறது. போக வேண்டிய இடமும் தெரிகிறது.

முதலாளி கேட்பது கோபத்தை அணைக்கிற தியானம். நாம் அதைச் சரியான வாசலுக்குக் கொண்டுபோகிற தியானத்தைப் பழகுவோம். எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிஷமும் தரமாட்டோம் என்று கேட்பதும் அதில் சேர்ந்ததுதான்.