குளவி கொன்றால் வினை யாருக்கு?

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. குருவை அடுத்திருக்கும் மாணாக்கன் குருவைப்போல் ஆவான் என்பதற்கு இதனை உவமையாக எடுத்துக்காட்டுவர். உவமை இனியது, உண்மையில் நிகழ்வதோ இனியதன்று. சுவரில் மண்கூடு கட்டும் குளவி பச்சைப்புழுவைக் கொட்டுவது அதனைத் தன்னைப்போல் ஆக்குவதற்கன்று. குளவியின் நஞ்சு புழுவின் நரம்பைத் தாக்கி அதனை அசையாமற் செய்கிறது. ஆனால் உயிர் போவதில்லை. கூட்டின் உட்புறத்தே மெல்லிய இழையில் ஒரு முட்டையைத் தொங்கவிட்டுப் பல புழுக்களை உள்ளே அடைத்து, வாயிலை மண்ணால் மூடிவிட்டுத் தாய்க்குளவி போய்விடும். முட்டையிலிருந்து வெளிப்படும் இளங்குளவி அந்த உயிருள்ள இரையைத் தின்று வளர்கிறது. இரை செத்தால் அழுகிவிடும். ஆகவேதான் அது உயிரோடு வைக்கப்படுகிறது. பின்னொரு நாள் கூட்டைத் துளைத்துக்கொண்டு குளவி வெளிவரக் கண்டவர், புழுவே குளவியாயிற்று என்று எண்ணினர்.

கூடு கட்டாமல், புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவிகளும் பலவுண்டு. 1860-ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இவற்றைக் குறிப்பிட்டு, அருளுடைய கடவுள் ஒருவர் இத்தகைய உயிரை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டென்று கொள்ளாத நமக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. உயிர்கள் தத்தம் வினைவழிப் பிறந்து உழல்கின்றன. தத்துவார்த்த சூத்திரம் வண்டினை நாலறிவுயிர்க்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும், குளவியும் அவ்வகையே. நல்லதன் நலனும் தீயதன் தீமையும் ஆராயும் மனம் அதற்கு இல்லை. எனினும் கஷாயம் உண்டு. ஆகவே வினைக்கட்டும் உண்டு. அதன் கணக்கு அதனோடு.

நம் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதே நாம் இங்கே ஆராய வேண்டுவது. செய்யார்ப் பகுதியில் நம்மவருள் பலர் நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிடும் குடியினர். கரும்பில் இடைக்கணுப்புழு விழுந்தால் கழி துளைபட்டு, விளைச்சலும் சாறும் குறையும். இதற்கு மாற்றாக டிரைக்கோகிரம்மா என்னும் குளவி பயன்படுகிறது. அது ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதது, கொட்டுவதும் இல்லை. தாய் அந்துப்பூச்சி தோகையில் இட்ட முட்டைக்குள் தன் முட்டையை இடும். புழு பிறக்குமுன்னரே அதன் கரு உணவாகிவிடும். நடவு செய்த நான்காம் மாதம் முதல் பதினைந்து நாளுக்கொரு முறையாக ஆறு முறை, இக்குளவி வளரும் முட்டை அட்டைகளைத் துண்டாக்கித் தோகையின் அடிப்புறம் கட்டுவர். நம் மாநிலத்துச் சர்க்கரை ஆலைகள் பல இதற்கெனக் கூடங்களே வைத்துள்ளன.

மருந்து தெளித்தால் தேனீயும் சிலந்தியும் மண்புழுவும் சேர்ந்தே மடியும். தெளிப்பவர் உடலுக்கும் கேடு. அட்டையால் அத்தீங்கு இல்லை. எனவே இதனை 'அகிம்சை முறை' என்று சொல்வாரும் நம்மிடையே உளர். "நாம் எதையும் கொல்லவில்லை, குளவி தன் இயல்பின்படி நடக்கிறது" என்பது அவர்கள் கூற்று.

இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றினையும் ஒருங்கே வைத்து எண்ணுவது நம் அறம். அட்டையைக் கட்டுவது செய்வித்தலே. அன்றியும், அட்டை உருவாகும் விதத்தையும் அறிதல் வேண்டும். கம்புக் குருணையில் நெல் அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைத் திரட்டி, புறஊதா ஒளியில் வைத்துக் கருவைக் கொன்று, அதன்பின்னரே குளவிக்குக் கொடுக்கின்றனர். அவ்வாறு செய்யாவிடில் தப்பிய முட்டைகளிலிருந்து புழு வெளிவந்து மற்றவற்றைத் தின்றுவிடும். ஓர் அட்டையில் ஆயிரக்கணக்கில் இருப்பவை அம்முட்டைகளே.

கொலைக்கருவி வழங்குதலை அனர்த்ததண்டத்துள் வைத்து விலக்குகிறது சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம். பூனை முதலியன வளர்த்தலையும் அதனுள் அடக்குவர் சிலர். ஆனால் அனர்த்தம் என்றால் பயனின்றிச் செய்வது. உழவன் செய்வது பயன் கருதியது. உழுபடையில் மண்புழு மடிவதுபோல் இதுவும் தொழில்வழி வரும் ஹிம்சை என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதம் பாதிதான் நிற்கும். ஏரில் புழு அகப்படுவது உழவன் விரும்பியதன்று. அட்டையோ முட்டை அழிவதற்கென்றே கட்டப்படுகிறது. ஆதலின் இது சங்கல்ப ஹிம்சையின் எல்லையைத் தொட்டு நிற்கிறது. நஞ்சினும் சிறுதீங்கு என்று ஏற்கலாம், தீங்கன்று எனலாகாது. புழுத் துளையில்லாத கரணை தேர்ந்து நடுதல், தழைச்சத்தை அளவோடு இடுதல், ஐந்தாம் ஏழாம் மாதங்களில் தோகை உரித்தல் ஆகியவற்றால் புழுவின் பெருக்கம் குறையும். இவற்றைச் செய்யாமல் நேரே அட்டைக்குப் போகிறவர், நேரே மருந்துக்குப் போகிறவரிடமிருந்து நாம் நினைக்கும் அளவுக்கு விலகி நிற்கவில்லை.

மேற்கே ஆரணியில் பாவு ஓடும் பட்டு நூலுக்கும் ஒரு குளவிக் கதை உண்டு. பட்டுப்புழுவின் மேல் ஊஜி ஈ முட்டையிடும். அதன் புழு தோலைத் துளைத்து உள்ளே புகுந்து தின்னும். 1980-இல் கர்நாடகத்துக்குள் வந்த இந்த ஈயால் பட்டு வளர்ப்போர் பெரிதும் நட்டப்பட்டனர். ஊஜி ஈயின் கூட்டுப்புழுவில் முட்டையிடும் நெசோலிங்ஸ் தைமஸ் என்னும் சிறு குளவியை வளர்ப்பு மனைகளில் விடுவது இன்று பரிந்துரைக்கப்படும் முறை. பட்டுப்புழுவைக் காப்பாற்றுகிறோம் என்பர். கொடிய உயிர் ஒன்றைக் கொன்றால் பல உயிர் பிழைக்கும் என்று எண்ணிக் கொல்லலாகாது என அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மறுத்துள்ளார். இங்கோ பிழைக்கும் உயிர் என்று ஒன்றும் இல்லை. குளவியால் ஈ மடிகிறது. ஈயிடமிருந்து தப்பிய பட்டுப்புழு கூடு கட்டியபின் வெப்பத்தில் மடிகிறது.

தறியை நம்பி வாழும் நெசவாளர் குடும்பங்களை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் கரும்பு உழவனுக்குக் கடனும் பிள்ளைகள் படிப்பும் உண்டு. அவன் செயலுக்கு நாம் காரணம் காட்ட முடிகிறது. திருமணத்துக்கும் ஆலய விழாவுக்கும் பட்டே வேண்டும் என்று கடையில் நிற்கும்போது நாம் காட்டும் காரணம் என்ன என்பதை, இல்லத்துப் பெண்டிரும் ஆடவரும் கூடியிருந்து பேசிப் பார்க்க வேண்டுகிறோம். பருத்தியிலும் நல்ல கரை போட்ட சேலைகள் உள்ளன.