அச்சுப் படமும் அவாவும்

ஓவியன் துணியில் தீட்டிய படம் உலகில் ஒன்றே. அதனை ஒருவர் கொண்டால் மற்றொருவர்க்கு அது இல்லை. கையச்சுச் சித்திரமோ அத்தன்மையதன்று. ஒரு பலகையைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றினால் ஒன்று பலவாகின்றது. அவ்வாறு பலவாகப் பிறக்கத்தக்க பொருளை, வேண்டுமென்றே சிலவாக்கி விலையை உயர்த்துதல் முறையாகுமா? சிலவாக்கப்பட்டதைத் தேடித் தொகுத்துப் பூட்டி வைத்தல் முறையாகுமா? இவ்விரு வினாக்களையும் அன்பர்கள் என்னோடு சேர்ந்து ஆராய வேண்டுகின்றேன்.

முதற்கண் அத்தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். லினோலியம் என்பது 1860-களில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் என்பவர் கண்டுபிடித்த தரைவிரிப்பு. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் இறுகச் செய்து, அதனோடு தக்கைத்தூளும் பிசினும் கலந்து, சணல் துணியின்மேல் அழுத்திச் செய்யப்படுவது. மக்கள் மிதித்து நடப்பதற்கென்று பிறந்த அப்பொருளை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சித்திரக்காரர் கையில் எடுத்தனர். மரத்தைப் போல அதற்கு நாரோட்டம் இல்லை. ஆகையால் உளி எத்திசையிலும் தடையின்றி ஓடும். விலையும் குறைவு. அச்சியந்திரம் இல்லாதவர், மை பூசிய பலகையின்மேல் தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தே படம் எடுத்துவிடலாம். மலிவான பொருளென்றும் பிள்ளைகள் பயிலும் பாடமென்றும் இதனை இகழ்ந்தவர் பலர். மிதிபட்ட பொருளிலும் மேன்மை பிறக்கும் என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தொழிலில் எழுதுகோலுக்கு நேர்மாறான ஒரு நியதி உண்டு. எழுதுகோல் இட்ட இடம் கறுக்கும். உளி சென்ற இடம் வெளுக்கும். செதுக்கி நீக்கிய இடத்தில் மை படியாது. ஆதலின் தாளிலே அது ஒளியாக நிற்கும். விடுதலால் விளையும் வெளிச்சம் என்று இதனைச் சொல்லலாம். மேலும், பலகையில் இடமாக வெட்டியது தாளில் வலமாக விழும். செய்வோன் தன் செயலை, விளைவின் பக்கம் நின்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த பின்னரே உளியை எடுத்தல் வேண்டும்.

புடைத்து நிற்கும் பகுதியில் மை தடவி ஒற்றும் இம்முறை பௌத்தர்க்குப் புதிதன்று. நாளது குறிக்கப்பெற்ற முழு அச்சு நூல்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழமையானது, 868-ஆம் ஆண்டு சீனத்தில் மரப்பலகைகளால் அச்சிடப்பெற்ற வஜ்ரசேதிகா சூத்திரமாகும். அதன் முகப்பில் பகவன் சுபூதிக்கு அறம் உரைக்கும் சித்திரம் உள்ளது. வாங் சியே என்பவர் தம் தாய் தந்தையர் பொருட்டு, யாவர்க்கும் விலையின்றி வழங்குதற்கென்று அதனைச் செய்வித்தார் என்னும் குறிப்பு அதன் இறுதியில் காணப்படுகின்றது. தூன்குவாங் குகையில் நெடுங்காலம் மறைந்திருந்து, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. எனவே அச்சுச் சித்திரத்தின் பழைய நோக்கங்களுள் ஒன்று தானம் என்பது தெளிவு. பலவாகச் செய்தது பலர்க்கும் சேர்தற்பொருட்டேயாம்.

நம் நாட்டிலும் அந்நோக்கம் தொடர்ந்தது. 1930-இல் வெளிவந்த இரவீந்திரநாத தாகூரின் ‘சகஜ் பாட்’ என்னும் வங்காளிப் பாலபாடத்துக்கு, சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் நந்தலால் போஸ் லினோலியச் சித்திரங்களைச் செதுக்கிக் கொடுத்தார். எழுத்தறியத் தொடங்கும் குழந்தையின் கையிலே ஒரு பேரோவியனின் படம் சேர்ந்தது.

இவ்வகையில் நாம் சிறப்பாக நினைக்கத்தக்கவர் சித்தபிரசாத். 1915-இல் வங்காளத்தில் பிறந்து 1978-இல் மறைந்தவர். தாமே பயின்று ஓவியரானவர். சாதியை மறுத்துத் தம் பட்டப்பெயரைத் துறந்தவர். 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது மேதினிப்பூர் மாவட்டத்தில் அலைந்து, பசியால் மடிந்த மக்களை வரைந்து ‘பசித்த வங்காளம்’ என்னும் நூலாக்கினார். ஆங்கில அரசு அதன் பிரதிகளைக் கைப்பற்றி அழித்தது. ஆயினும் தப்பிய ஒரு பிரதியை அவர் குடும்பத்தார் காத்து வைத்தனர். பிற்காலத்தில் அதனைக் கொண்டு நகற்பதிப்பு வெளியாயிற்று. பின்னர் மும்பையின் அந்தேரிப் பகுதியில் வாழ்ந்து, உழைக்கும் குழந்தைகளையும் ஏழை மக்களையும் லினோலியத்தில் செதுக்கினார். அப்படங்களை எண்ணிட்டுச் செல்வர்க்கு விற்காமல், எளியோர் வாங்கத்தக்க மலிவுத் தாள்களாகவே வெளியிட்டார். இன்றோ அதே தாள்கள் ஏலக்கூடங்களில் உயர்ந்த விலைக்குப் போகின்றன! ஏழைக்கென்று செய்த பொருள் ஏழைக்கு எட்டாததாயிற்று.

இனி முதல் வினாவுக்கு வருவோம். இக்காலத்துச் சித்திரக்காரர் படத்தின் அடியில் 5/30 என்றாற்போல் எழுதுவர். முப்பது பிரதிகளுள் இது ஐந்தாவது என்பது பொருள். முப்பதும் முடிந்தபின் பலகையின் குறுக்கே உளியால் கீறிவிடுவாரும் உளர். இது குற்றமா?

ஆராய்ந்தால் இவ்வெல்லை மூன்று வகைப்படும். ஒன்று, பொருளால் வரும் எல்லை. லினோலியம் மெத்தெனவிருப்பது, பல முறை அழுத்தினால் நுண்கோடுகள் தேய்ந்து மழுங்கும். மங்கிய படத்தை விற்காமல் நிறுத்துதல் நேர்மையே. இரண்டாவது, செய்முறையால் வரும் எல்லை. ஒரே பலகையில் சிறிது செதுக்கி ஒரு வண்ணம் ஒற்றி, மேலும் செதுக்கி அடுத்த வண்ணம் ஒற்றும் முறையொன்றுண்டு. ஐரோப்பாவில் பிக்காசோ அதனைக் கையாண்டு புகழ் பெறச் செய்தார். அங்கே படம் நிறைவுறும்போது பலகை ஏறக்குறைய அழிந்தே போகின்றது. பின்னோக்கிச் செல்ல வழியில்லை. அநித்தியத்தைக் கண்ணாரக் காட்டும் அவ்வெல்லையில் குற்றம் ஏது?

மூன்றாவது, விலை கருதி மனிதன் இடும் எல்லை. வழக்கு இங்கேதான் உள்ளது. எனினும் உடனே தீர்ப்புக் கூறலாகாது. யான் நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கதிர்களின் இடையே நின்றவன். ஒரு கதிரின் நூலுக்கும் அடுத்த கதிரின் நூலுக்கும் முதல் என்றும் நகல் என்றும் வேற்றுமை கண்டதில்லை. ஆனால் அங்கே இழுத்தது இயந்திரம். கையச்சிலோ ஒவ்வொரு தாளுக்கும் தோள் நோவ வேண்டும். ஆயிரம் தாள் தேய்த்து மலிவாகக் கொடு என்று சித்திரக்காரனுக்குக் கட்டளையிடுதல், அவன் உழைப்பைக் கூலியின்றிக் கேட்பதாகும். உழைப்பவன் உண்ணல் வேண்டும். முப்பதென்று வாக்களித்தவன் முப்பத்தோராவதை மறைவில் எடுத்தால் அது பொய்யும் களவுமாம். பலகையைக் கீறுதல் அவ்வாக்குக்குச் சான்றாயின் அதனைப் பழியேன். பிறரிடம் இருத்தலாகாது என்னும் எண்ணமே கீறச் செய்யுமாயின், அவ்வுளி பலகையை மட்டும் கீறவில்லை. ஆகவே குற்றம் எண்ணிடுதலில் இல்லை, எண்ணத்தில் உள்ளது. நல்ல தாளில் எண்ணிட்ட சில பிரதிகளைப் பொருளுடையார்க்கு விற்று, அதே படத்தைச் சாதாரணத் தாளில் எண்ணிடாமல் எளியோர்க்கும் தருவதாக முதலிலேயே அறிவித்துச் செய்யின், வாக்கும் பிழையாது, வயிறும் வாடாது, தானமும் நிற்கும்.

இரண்டாம் வினா தொகுப்போரைப் பற்றியது. தொகுத்தல் யாவும் லோபம் என்று சொல்வது எளிது. ஆனால் அது உண்மையன்று. காத்து வைத்தவர் இல்லையேல் ‘பசித்த வங்காளம்’ சாம்பலோடு போயிருக்கும். மலிவுத் தாள் விரைவில் பழுப்பேறி நொறுங்கும். வெயிலும் பூச்சியும் அதற்குப் பகை. அதனை இருளில் வைத்துப் பேணுவதும் ஒரு தொண்டே. காவலன் யார், பற்றுடையோன் யார் என்பதை எதனால் அறிவது? மூன்று கேள்விகள் போதும். கேட்போர்க்கு அப்படத்தைத் திறந்து காட்டுகின்றானா? செய்தவன் உயிரோடு பசித்திருக்கையில் வாங்கினானா, அன்றி அவன் மாண்டபின் விலையேறும் என்று காத்திருந்தானா? வேறொருவரிடத்தும் அதே படம் உண்டென்று கேட்டால் மகிழ்கின்றானா, வருந்துகின்றானா? மூன்றாவதற்கு வருந்துவானாயின், அவன் விரும்பியது படத்தையன்று. பிறர்க்கு இல்லாமையையே விரும்பினான்.

அன்பர்களே, இது சித்திரத்துக்கு மட்டும் உரிய நெறியன்று. கல்வி, நூல், அறவுரை ஆகிய யாவும் ஒற்ற ஒற்றப் பெருகுவன. ஒருவர்க்குக் கொடுத்தலால் மற்றொருவர்க்குக் குறையாதன. அத்தகையவற்றை நெடுங்காலம் பூட்டி வைத்தவர்களால் நம் முன்னோர் பட்ட துன்பத்தை நாம் மறந்தோமில்லை. பூட்டை உடைத்து வெளிவந்த நாம் புதிய பூட்டுச் செய்தல் தகாது. நம் சங்கங்களிலே பிள்ளைகள் கையில் ஒரு துண்டு லினோலியத்தையும் ஓர் உளியையும் கொடுப்போம். உளியைப் பிடித்த கைக்கு முன்னே மற்றொரு கை நில்லாதிருக்கவும் கற்பிப்போம். அவர்கள் செதுக்கும் படம் ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலேனும் கூடுதலாகச் சென்று சேர்வதாக!