பயப்படுவது பாவமா?



மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய ஒரு தாய், மாதங்கள் சென்றும் இரவில் உறங்காமல் கிடக்கிறாள். அக்குளில் சிறு வலி கண்டாலும் நெஞ்சு பதைக்கிறது. "எல்லாம் குணமாகிவிட்டதே, உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கடிந்துகொள்கிறோம். இது நியாயமா?

அவளுடைய பயம் வீண் பயமன்று. இந்நோய் நூற்றில் 5 முதல் 10 பேருக்குப் பரம்பரையாய் வருகிறது. 1994, 1995-ம் ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்களில் பழுதிருந்தால், மறு மார்பிலும் சினைப்பையிலும் நோய் தோன்றும் அபாயம் அதிகம். தாயிடமானாலும் தகப்பனிடமானாலும், அப்பழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஆகையால் அவள் தன் மகளுக்காகவும் அஞ்சுகிறாள். மகளுக்கு வரன் தட்டுமென்று விஷயத்தை மூடி மறைப்பவர்கள், தாயைத் தனிமையிலும் மகளை ஆபத்திலும் விடுகிறார்கள்.

பூங்காவனத்தில் நம் ஆண்டவரும் கலங்கினார். தம்மோடு விழித்திருக்கும்படி சீஷர்களைக் கேட்டார், அவர்களோ தூங்கிப்போனார்கள். கலங்கியது குற்றமன்று, தூங்கியதே குற்றம்.

நாம் விழித்திருப்பது எப்படி? பரிசோதனை நாளில் அவளுடன் கூடச் செல்வது ஒன்று. தேர்ந்த மனநல ஆலோசகரிடம் அவள் பேச வழி செய்வது மற்றொன்று. "பயப்படாதே" என்று சொல்வது அவர் வேலையன்று. எந்த அறிகுறியை டாக்டரிடம் சொல்ல வேண்டும், எந்த நினைவை வந்த வழியே போகவிடலாம், உடம்பை ஓயாமல் தடவிப் பார்ப்பதை எப்படிக் குறைக்கலாம் என்று படிப்படியாய்ப் பழக்குவார். நெதர்லாந்தில் 2017-ல் வெளியான ஆய்வொன்றில், நேரிலும் இணைய வழியாகவும் நடந்த இத்தகைய சிகிச்சையால் அச்சம் தணிந்தது தெரியவந்தது.

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம், நல்லம்பள்ளியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். ஒவ்வொரு வாரமும் அவ்வளவு தூரம் போய்வர யாரால் முடியும்? பரிசோதனைக்கு நேரில் போகத்தான் வேண்டும். மனப்பாரத்தையோ வீட்டிலிருந்தே சொல்லலாம். 2022-ல் தொடங்கிய டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாய் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் வீட்டிலுள்ள ஒரே செல்போன் மகன் கையிலும், அடுப்பு வேலை அவள் தலையிலும் இருந்தால் எந்தச் சேவையும் பயன்படாது. வாரத்தில் ஒரு மணி நேரம் போனை அவளிடம் கொடுங்கள். பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். அவளுக்கு உபதேசம் செய்வதைவிட இதுவே மேலான தர்மம்.